சின்னப்பொண்ணு கேட்ட வேலை

அது பச்சை ஆப்தானே பாப்பா? வேலை தேடுற ஆப்பு. எட்டிப் பாத்தேன்னு நினைக்காத. பக்கத்து சீட்டுல உக்காந்தா கண்ணு போகத்தானே செய்யும். அந்தப் பச்சையை நான் எங்க பாத்தாலும் கண்டுபிடிச்சிருவேன். முருகனைக் கும்பிட்டுட்டு நிம்மதியா ஊருக்குத் திரும்பலாம்னு பஸ் ஏறுனா, இங்கேயும் அது என் கண்ணுல வந்து விழுது பாரு.

தேடு, தேடு. நல்ல வேலை கிடைக்கட்டும். இந்தா, திருச்செந்தூர் இலை விபூதி. நெத்தியில கொஞ்சம் வச்சுக்கோ. நானும் வேலை விஷயமாத்தான் வேண்டிக்கிட்டு வர்றேன். உனக்கு வேலை வேணும், எனக்கு ஆள் வேணும். ரெண்டு பேரும் ஒரே சாமிகிட்டப் போய் நின்னிருக்கோம்.

எங்களுக்குக் கோவில்பட்டியில கடலைமிட்டாய் கம்பெனி. கம்பெனின்னா பெருசா நினைச்சுக்காத. பின்னால அடுப்படி, முன்னால பேக்கிங், நடுவுல ஒரு சின்ன ஆபீஸ் ரூம். எங்க வீட்டுக்காரர் இருக்கும்போது அவர் உக்காந்த ரூம். இப்ப நானும் என் மகன் குருவும் உக்காந்திருக்கோம். ரூமுக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஒத்தைக்கல் சுவர்தான். அங்க கரண்டி விழுந்தா இங்க என் நெஞ்சுல விழும். அந்தச் சுவரைக் கொஞ்சம் ஞாபகம் வச்சுக்கோ.

அந்த அடுப்படியில பத்துப் பன்னெண்டு வருஷமா நின்னவ சின்னப்பொண்ணு. அவளைப் பத்தித்தான் உன்கிட்ட சொல்ல வந்தேன். வந்த அன்னைக்கு ஏதோ ஒரு பேரு சொன்னா. சாமி பேரு. வேலை சொல்லணும், தப்புப் பண்ணா நாலு வார்த்தை அதட்டணும். அம்மன் பேரைச் சொல்லி ஒருத்தியை அதட்ட முடியுமா? பாவம் இல்லையா? அதனால நானே சின்னப்பொண்ணுன்னு பேரு வச்சேன். அப்புறம் எல்லாருக்கும் அதுவே பேராப் போச்சு. பேத்தி எடுத்த பிறகும் சின்னப்பொண்ணுதான்.

நான் அவளை வேலைக்காரியா நினைச்சதே இல்ல. என் மக உமா பெங்களூர்ல இருக்கா. அவளுக்கு ஒரு சேலை எடுத்தா இவளுக்கும் ஒண்ணு எடுப்பேன். அதே சேலை இல்ல, அது எப்படி முடியும், ஆனா எடுப்பேன். பெத்த பிள்ளை மாதிரி. லீவு வேணும்னு ஒருநாள் வாய் திறந்து கேட்டதில்ல. நானும், கேக்காதவளுக்கு எதுக்குக் குடுத்துக் கெடுக்கணும்னு விட்டுட்டேன். சம்பளமும் அப்படித்தான். கேக்கல. கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னமோ.

பாகு காய்ச்சுறது அவ. மத்த பொம்பளைகளுக்கு வேலை பிரிச்சுக் குடுக்கிறது அவ. எவளாவது வராமப் போனா அவ வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு வர்றதும் அவதான். எல்லாம் அவளாப் பாத்துக்கிட்டா, நான் சொல்லல.

போன வருஷம் குரு மெட்ராஸ் வேலையை விட்டுட்டு வந்தான். வந்ததும் எல்லாத்தையும் பெருசு பண்ணணும்னான். வெளியூர் ஆர்டர், புது டப்பா, புது ஸ்டிக்கர். "ஒரு சூப்பர்வைசர் வேணும்மா"ன்னான்.

"அதான் சின்னப்பொண்ணு இருக்காளே."

"அவங்களையே சூப்பர்வைசரா ஆக்கிருவோமா?"

"ஏல, அவளை மேல ஏத்தி உக்கார வச்சா அடுப்புல எவ நிப்பா? உங்க ஆச்சியா வருவா?"

நான் சொன்னதுல தப்பு இருக்கா, நீயே சொல்லு. நல்லா ஓடுற வண்டியோட சக்கரத்தைக் கழட்டிக் கொண்டுபோய் நடுவீட்டுல வைப்பாங்களா?

சரி, ஆள் எப்படிப் பிடிக்கிறது? எனக்குத் தெரிஞ்சது, கோயில்ல நாலு பேருகிட்டச் சொல்றது, பால்காரன்கிட்டச் சொல்றது, பஸ் ஸ்டாண்டுச் சுவத்துல ஒரு நோட்டீஸ் ஒட்டுறது. குரு தலையில அடிச்சுக்கிட்டான். செல்லைத் தூக்கிக்கிட்டு வந்து பக்கத்துல உக்காந்தான். நீலத்துல ஒண்ணு, மஞ்சள்ல ஒண்ணு, பச்சையில ஒண்ணு காமிச்சான். எனக்குப் பேரெல்லாம் வாய்ல வராது, கலரை வச்சுத்தான் சொல்லுவேன்.

நீலம் பேண்ட் சட்டை போட்டு ஏசியில உக்கார்ற ஆளுகளுக்காம். அதுல விளம்பரம் போட்டா எம்பிஏ படிச்சவன் வருவான், நம்ம புகையைப் பாத்துட்டு வாசல்லயே திரும்பிருவான்னு அவனே சொன்னான். மஞ்சள்ல போட்டா போன் மட்டும் வருமாம், ஆள் வராதாம். பச்சை, கையால வேலை பாக்கிறவங்க பாக்கிறது. டிரைவரு, டெய்லரு, சமையக்காரம்மா. ஆனா நம்ம விளம்பரத்தை நிறையப் பேருக்குக் காட்டணும்னா தனியாக் காசு கேக்குமாம். உமாகிட்ட போன் போட்டா அவ நீலத்துல போடுங்கிறா. குரு ரெண்டுல போட்டுப் பாப்போம்கிறான். ஒரு வாரமா வீட்டுல இதே பேச்சு. ஒருத்தரும் சாமியைக் கேக்கல.

நான் கேட்டேன். எங்க வீட்டுல எந்தக் காரியம்னாலும் பூப் போட்டுப் பாக்கிறது வழக்கம். உமா கல்யாணத்துக்குப் பாத்தோம், இந்தக் கம்பெனி ஆரம்பிக்கும்போதும் பாத்தோம். நீலத்துக்கு நந்தியாவட்டை. மஞ்சளுக்குச் செவ்வந்தி. பச்சைக்குத் துளசி. மூணையும் வாழை இலையில ஒண்ணுபோல மடிச்சு, செண்பகவல்லி அம்மன் படத்துக்கு முன்னால வச்சுக் கும்பிட்டேன். குரு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறான். சிரிச்சா சிரிக்கட்டும். எடுக்கிறது கள்ளம் இல்லாத கையா இருக்கணும் பாரு. சின்னப்பொண்ணைக் கூப்பிட்டேன்.

கையைக் கழுவி முந்தானையில துடைச்சுக்கிட்டு வந்தா. "எதுக்கும்மா?"

"வீட்டு விஷயம்."

"தம்பிக்குப் பொண்ணு பாக்கீகளா?"

"அப்படித்தான் வச்சுக்கோ. கண்ணை மூடி ஒண்ணு எடு."

சும்மா எடுக்கல அவ. கண்ணை மூடி ரொம்ப நேரம் நின்னா, உதடு அசைஞ்சுச்சு. எடுத்தா. துளசி. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. "அம்மனே துளசியாக் குடுத்திட்டா, நல்ல இடமா அமையும்"னு சொல்லிட்டு அடுப்புக்கு ஓடிட்டா.

அன்னைக்கே குரு பச்சையில விளம்பரம் போட்டான். அது என்னென்னமோ கேக்குது பாப்பா. சம்பளம் எவ்வளவுன்னு போட்டே ஆகணும்கிது. இந்த ஊருல மத்தவங்க என்ன குடுக்கிறாங்கன்னு அதுவே காமிக்குது. அதுக்குக் குறைச்சுப் போட்டா ஒருத்தரும் தொடமாட்டாங்கன்னு குரு அந்த ரேட்டையே போட்டான். சின்னப்பொண்ணு வாங்குறதுக்கு மேல. புது ஆளுன்னா அப்படித்தானே, பழகுற வரைக்கும் குடுக்கத்தான் வேணும். கம்பெனி பேரை மறைக்கணுமான்னு கேட்டுச்சு. மறைன்னு நான்தான் சொன்னேன். பேரைப் போட்டா நம்ம ஆளுகளுக்குத் தெரியும், மனசு சங்கடப்படுவாங்க. யாரையும் நோகடிக்க எனக்குப் பிடிக்காது. கடைசியா ரெண்டு வரி எழுதச் சொல்லுச்சு. நான் சொல்லச் சொல்லக் குரு அடிச்சான். 'குடும்பம் போன்ற சூழல். வீட்டுப் பிள்ளை போல் பார்த்துக்கொள்ளப்படும்.'

வந்துச்சு பாரு ஆளுக. ஒருத்தன் இன்ஜினியரிங் படிச்சவன், வீட்டுல இருந்தே வேலை பாக்கலாமான்னு கேக்கிறான். கடலைமிட்டாயை வீட்டுல இருந்து எப்படிடா பாப்ப? இன்னொருத்தி அவ மாமியாரைப் பத்தி அரைமணி நேரம் அழுதா. அவளுக்காக நான் விளக்குப் போட்டேன், வேலைக்கு ஒத்து வரமாட்டா. ஒருத்தர் பேசுனதெல்லாம் சரி, மொத நாளே அட்வான்ஸ் கேட்டாரு.

பத்து நாளு இப்படியே போச்சு. அப்புறம் ஒண்ணு வந்துச்சு. குரு வாசிச்சான். பேரு பிரம்மசக்தி. போட்டோ போடுற இடத்துல ஆள் படம் இல்ல, அம்மன் படம். எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. செல்லை வாங்கிக் கண்ணுல ஒத்திக்கிட்டேன். ஊரு கோவில்பட்டியேதான். கடலைமிட்டாய் வேலையில அனுபவம் நிறைய, பாகு முதக்கொண்டு பேக்கிங் வரைக்கும் எல்லாம் தெரியும், பத்துப் பேரை வச்சு வேலை வாங்கத் தெரியும். எங்க ஊருல திரும்புன பக்கமெல்லாம் மிட்டாய்க் கம்பெனிதான், அதனால எந்தக் கம்பெனியில இருக்கான்னு நாங்க யோசிக்கல.

இப்ப இருக்கிற வேலையை ஏன் விடுறீங்கன்னு பச்சை ஆப்புல ஒரு கேள்வி இருக்கும், நீ பாத்திருப்ப. அதுக்கு அவ எழுதியிருந்தது எனக்கு மனப்பாடம். 'இப்ப இருக்கிற இடத்துல என்னைப் பெத்த பிள்ளை மாதிரி வச்சிருக்காங்க. பிள்ளைக்கு லீவு கிடையாது. பிள்ளை சம்பளம் கூட்டிக் கேக்கக்கூடாது. எனக்கு வேலைக்காரியா இருந்தாப் போதும்.'

எனக்குக் கண்ணு கலங்கிருச்சு பாப்பா. பிள்ளை பிள்ளைன்னு சொல்லிச் சொல்லியே ஒரு பொம்பளையை உறிஞ்சிருக்காளே, எவளோ ஒருத்தி. எவளா இருக்கும்? எட்டயபுரம் ரோட்டுல கோமதின்னு ஒருத்தி கம்பெனி வச்சிருக்கா, வாய் முழுக்கத் தேனு. அவளாத்தான் இருக்கும்னு முடிவே பண்ணிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் கோயிலுக்குப் போய், "தாயே, அந்த முதலாளியம்மா கண்ணைத் திற"ன்னு வேண்டிக்கிட்டேன். தேங்காய்கூட உடைச்சேன். சத்தியமாச் சொல்றேன், யாருக்காகவும் நான் அப்படி உருகி வேண்டுனதில்ல.

மறுநாள் மத்தியானம் நானே போன் பண்றேன்னு சொன்னேன். குருவுக்குப் பேசத் தெரியாது, வக்கீல் மாதிரி கேள்வி கேப்பான். ஆப்புல இருந்து பண்ணா அவங்க நம்பர் நமக்குத் தெரியாது, நம்ம நம்பரும் அவங்களுக்குத் தெரியாதாம். பட்டனை அமுக்குனேன். காதுல வச்சேன்.

சுவத்துக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிரிச்சுச்சு.

சின்னப்பொண்ணு அவ பேத்தி சிரிப்பைப் பதிஞ்சு போன்ல மணியா வச்சிருந்தா. எனக்கு நல்லாத் தெரியும் அந்தச் சிரிப்பு. பாகு இறக்குற நேரத்துல இவளுக்கு எவ போன் பண்றான்னு கோவம்தான் வந்துச்சு எனக்கு. அப்ப என் காதுல, "வணக்கம், பிரம்மசக்தி பேசுறேன்." அதே குரல் சுவத்துலயும். ஒண்ணு இந்தக் காதுல, ஒண்ணு அந்தக் காதுல.

அவ குரல்தான், ஆனா அப்படி ஒரு குரலை நான் கேட்டதில்ல. எங்கிட்டப் பேசும்போது பாதிச் சொல்லை முழுங்கிருவா. இது நிமிந்து பேசுது. "வேலை விஷயமா..."ன்னு நான் ஆரம்பிச்சிட்டேன். அவளும், "சொல்லுங்கம்மா"ங்கிறா. கட் பண்ணிட்டேன்.

குரு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தான்.

"அம்மா, அவங்களையே போட்ருவோம். இதைவிட நல்ல ஆளு கிடைக்காது"ன்னான் மெதுவா.

"எனக்குத் தெரியாம வேற வேலை தேடியிருக்கா."

"நாமளும் அவங்களுக்குத் தெரியாமத்தானே ஆளு தேடுனோம்."

"அது வேற, இது வேற."

வேறதானே பாப்பா? நான் அவ மனசு நோகக்கூடாதுன்னு மறைச்சேன். அவ எதுக்கு மறைச்சா? எங்கிட்ட வந்து, "அம்மா, எனக்கு முடியல"ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, உக்காத்தி வச்சு நாலு நல்ல வார்த்தை சொல்லியிருப்பேன். என்னைப் பத்தி ஊரு பேரு தெரியாதவன்கிட்டப் போய் எழுதியிருக்கா. அவன் நான்தான்னு அவளுக்குத் தெரியாது, சரி. ஆனா எழுதுனது எழுதுனதுதானே?

குரு கையில இருந்து செல்லை வாங்குனேன். கீழ ரெண்டு பட்டன் இருக்கும். பச்சையில 'தேர்வு', சிவப்புல 'பொருத்தமில்லை'. நானே அமுக்குனேன். சிவப்பை. 'தங்கள் விண்ணப்பம் இந்தப் பணிக்குப் பொருத்தமாக இல்லை. முயற்சியைத் தொடர வாழ்த்துகள்'னு அதுவே எழுதி அனுப்புது. மரியாதையாத்தான் எழுதுது, நான்கூட அப்படி எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பக்கம் டிங்குன்னு ஒரு சத்தம். கரண்டி சுத்துற சத்தம் நின்னுச்சு. பாகுல கரண்டி நிக்கவே கூடாது, அடிப்பிடிச்சிரும். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி சுத்த ஆரம்பிச்சுச்சு.

சாயங்காலம் வழக்கம்போல வந்து வாசப்படியில நின்னா. "தட்டெல்லாம் கழுவிக் கவுத்தாச்சும்மா." சொல்லிட்டுப் போகல.

"என்ன சின்னப்பொண்ணு?"

"மத்தியானம் நீங்கதானே போன் பண்ணீக?"

"நானா?"

"உங்க குரல் எனக்குத் தெரியாதாம்மா? சுவத்துக்கு அந்தப் பக்கமும் கேட்டுச்சு."

பாத்தியா? ஒட்டுக்கேட்டிருக்கா. நான் கணக்குப் பாக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டேன்.

"அன்னைக்குப் பூ எடுக்கச் சொன்னீகளே, இதுக்குத்தானா?"

"அது சாமி விஷயம். அதை எல்லாம் பேசக்கூடாது."

"தம்பிக்கு நல்ல மனசுள்ள பொண்ணா அமையணும்னு வேண்டி எடுத்தேன்மா"ன்னு சொன்னா. அழுவான்னு நினைச்சேன். அழல. தன் உள்ளங்கையை ஒருதடவை திருப்பிப் பாத்துக்கிட்டா, அவ்வளவுதான். "தீபாவளி ஆர்டரை முடிச்சுக் குடுத்துட்டு நின்னுக்கிறேன்"னு சொல்லிட்டுப் போனா.

சொன்ன மாதிரியே முடிச்சுக் குடுத்தா. ஒரு தட்டுக்கூடக் கெடல. ஆனா என்கூட ஒரு பேச்சு இல்ல, ஒரு சிரிப்பு இல்ல. வேலை நேரம் முடிஞ்சா முந்தானையை உதறிட்டுக் கிளம்பிருவா. மத்தவளுக வரலைன்னா, "நான் போய்க் கூப்பிட்டு வரவா"ன்னு கேக்கிறது நின்னுபோச்சு. வேலைக்காரி மாதிரி நடந்துக்கிட்டா பாப்பா. எங்கிட்டயே.

கடைசி நாளு, மனசு கேக்காம, நல்ல சேலை ஒண்ணு எடுத்து வச்சேன். உமாவுக்கு எடுத்த மாதிரியே. தொடல. "சேலை வேண்டாம்மா. இத்தனை வருஷம் இங்க வேலை பாத்தேன்னு ஒரு சர்ட்டிபிகேட் குடுங்க"ன்னா.

எந்த வீட்டுல பிள்ளைக்குச் சர்ட்டிபிகேட் குடுப்பாங்க? இருந்தாலும் கேட்டுட்டாளேன்னு, கம்பெனி லெட்டர்ல நானே என் கையால எழுதுனேன். குருவைக்கூட அடிக்க விடல. நான் எட்டாப்புதான், ஆனா எழுத்து முத்து முத்தா இருக்கும். 'சின்னப்பொண்ணு எங்கள் வீட்டுப் பிள்ளை. தங்கமானவள். நேர்மையானவள். அம்மன் அவளை நல்லா வைக்கட்டும்.' எழுதி, கையெழுத்துப் போட்டு, மூலையில மஞ்சள் தடவிக் குடுத்தேன்.

வாசிச்சா. "இது என் பேரு இல்லம்மா"ன்னா.

"எங்களுக்கு நீ சின்னப்பொண்ணுதானே?"

அதை மடிச்சு, அம்மன் படத்துக்கு முன்னால, அன்னைக்குப் பூ இருந்த இடத்துல வச்சுட்டு, குருவைப் பாத்து, "வர்றேன் தம்பி"ன்னு சொல்லிட்டுப் போயிட்டா. எங்கிட்டச் சொல்லல. குரு மறுநாளு எனக்குத் தெரியாம வேற ஒண்ணு டைப் அடிச்சு, சரியான பேரைப் போட்டு, அவ வீட்டுல கொண்டுபோய்க் குடுத்திருக்கான். அது எனக்கு அப்புறம்தான் தெரியும். பெத்ததே அப்படி இருக்கும்போது, வந்ததை என்ன சொல்றது?

இப்ப அவ எங்க இருக்கான்னு கேளு. கோமதி கம்பெனியில. சூப்பர்வைசரா. அங்க அவளைப் பிரம்மசக்தியம்மான்னு கூப்பிடுறாங்களாம். ஞாயித்துக்கிழமை லீவாம். நான் கோமதி கண்ணைத் திறக்கணும்னு தேங்காய் உடைச்சேன் பாரு, திறந்திருச்சு. என் வேண்டுதலெல்லாம் அவளுக்குப் பலிக்குது.

எங்களுக்கு? பச்சையில இருந்து ஒருத்தனைப் போட்டோம். டிப்ளமோ. ஃபேன் காத்து வரலைன்னு கார்த்திகைக்கு முன்னாடியே போயிட்டான். அப்புறம் ஒருத்தி வந்தா, மூணாவது பாகுல கையைச் சுட்டுக்கிட்டு அவளும் வரல. அடுப்புல இப்ப நான்தான் நிக்கிறேன். இந்தா, கையைப் பாரு. இந்த வயசுல. போன வாரம் ஒரு முழு ஆர்டரும் திரும்பி வந்துருச்சு. இப்படியே போனா பங்குனிக்கு அடுப்பை அணைச்சிற வேண்டியதுதான்னு குரு சொல்றான். அவங்க அப்பா பத்த வச்ச அடுப்பு அது.

மறுபடியும் விளம்பரம் போடுலேன்னு குருகிட்டச் சொன்னா, "பேரை மறைக்காமப் போடுறதா இருந்தாப் போடுறேன்"கிறான். பேரோட ஒருதடவை போட்டோம். ஒரு போன் வரல. ஊருக்குள்ள என்னத்தைச் சொல்லி வச்சிருக்காளோ அவ. ஒண்ணுமே சொல்லலைன்னு குரு சத்தியம் பண்றான். சொல்லாமலா?

அதனாலதான் உன்கிட்டக் கேக்கிறேன் பாப்பா. உன் செல்லுலதான் பச்சை இருக்கே. எனக்கு ஒரு விளம்பரம் போட்டுக் குடேன். நான் சொல்றேன், நீ அடி. 'கோவில்பட்டியில் கடலைமிட்டாய் கம்பெனிக்கு நல்ல பெண் தேவை.' பேரை மறைச்சிரு. 'வீட்டுப் பிள்ளை போல்...' ஏன் நிறுத்திட்ட? அடி, அடி.

என்ன, எட்டயபுரமா? இங்கேயா இறங்கணும்? நல்லதாப் போச்சு, பக்கத்து ஊருதானே. யாரோ எதுக்கு, நீயே வாயேன். உன்னைப் பாத்தா எனக்கு உமாவைப் பாத்த மாதிரியே இருக்கு. முகவரி இந்த மிட்டாய்ப் பாக்கெட்டுலயே இருக்கு, வச்சுக்கோ. உன் பேரு என்ன சொன்ன?

ம். நல்ல பேரு. சாமி பேரு. சாமி பேரைச் சொல்லி வேலை ஏவ எனக்கு வாய் வராது. நீ வந்தேன்னா உன்னை நான் பாப்பான்னே கூப்பிடுறேன்.